பங்கு போடும் முன் ஒரு கணக்கு: கடைசி வீட்டுக்கும் அதே உணவுக் கூடை கிடைக்க வழி

அடுக்குமாடி வீடுகளில் உதவிப் பொருள் கொடுக்கும் நாளில் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. முதல் மாடியில் தொடங்கும்போது ஒவ்வொரு பையிலும் சீனி இரண்டு, சார்டின் மூன்று, மீ நான்கு என்று தாராளமாகப் போடுவார்கள். நடு மாடிக்கு வரும்போது சீனி ஒன்றாகிவிடும். மேல் மாடியின் கடைசி வீட்டுக்குப் போகும் பையில் மீ மட்டும்தான் இருக்கும்.

கொடுத்தவர்கள் மனத்தில் கள்ளம் இல்லை. ஆனாலும் வாங்கியவர் பக்கத்து வீட்டுப் பையைப் பார்க்கத்தான் செய்வார். "எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம் மனக்கசப்பில் முடியும்.

இதைத் தவிர்க்க உதவும் கணக்கு ஒன்றைப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றிலேயே படிக்கிறார்கள். அதன் பெயர் மீப்பெரு பொதுக் காரணி. பையைக் கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் செலவிட்டால் போதும்.

கம்போங் மேடானும் உணவுக் கூடையும்

பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலைக்கு அருகே இருக்கிறது கம்போங் மேடான். ஒரு காலத்தில் புறம்போக்கு நிலக் குடியிருப்புகள் நிறைந்திருந்த வட்டாரம் இது. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நேரத்தில் இழந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வந்து சேர்ந்தன. 2005-க்குள் புறம்போக்குக் குடியிருப்புகளே இல்லாத மாநிலமாக வேண்டும் என்று சிலாங்கூர் அரசு இலக்கு வைத்திருந்தது. பலகை வீடுகள் இருந்த இடங்களில் மலிவு விலை அடுக்குமாடிகள் எழுந்தன.

ஒரே நடைபாதையில் தமிழர் வீடும் மலாய்க்காரர் வீடும் அடுத்தடுத்து இருக்கும். ஒரு வீட்டுக்கு என்ன கிடைத்தது என்பது அடுத்த வீட்டுக்கு உடனே தெரிந்துவிடும். பங்கு போடுவதில் கவனம் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நாள் சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்களின் வருமானம் நின்றது. 2021 ஜூன் இறுதியில் உதவி தேவைப்படுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி காட்டும் இயக்கம் நாடு முழுவதும் பரவியது. அதே ஆண்டு ஜூலை 3 முதல் 16 வரை சிலாங்கூரின் பெரும்பகுதியில் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு நடப்பில் இருந்தது. உணவுக் கூடை என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகியது அந்த நாள்களில்தான்.

இன்றும் தீபாவளிக்கு முன்பும், பள்ளி திறக்கும் சமயத்திலும், வெள்ளம் வந்த பிறகும் ஆலயங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் பொருள் சேர்த்துக் கொடுக்கின்றன. தோட்டங்களில் திருவிழாவுக்குப் பின் பொருள்களைப் பங்கிடும் வழக்கமும் இருக்கிறது. எங்கே செய்தாலும் கணக்கு ஒன்றுதான்.

மீப்பெரு பொதுக் காரணி என்றால் என்ன?

ஓர் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண் அதன் காரணி. 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகியவை மீதமின்றி வகுக்கும். இவை ஆறும் 12-இன் காரணிகள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எண்களுக்குப் பொதுவாக இருக்கும் காரணி பொதுக் காரணி. அவற்றுள் மிகப் பெரியதே மீப்பெரு பொதுக் காரணி. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதையே 'பொதுக் காரணிகளுட் பெரியது' என்று சொல்கின்றன.

பங்கு போடுவோர் மொழியில் சொன்னால், கையில் இருக்கும் எல்லாப் பொருள்களையும் ஒன்றும் மிஞ்சாமல், ஒரே மாதிரியாகப் பிரித்து, அதிகபட்சம் எத்தனை கூடை செய்ய முடியும் என்பதே அந்த எண்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சங்கத்திடம் கோதுமை மாவு 72 பொட்டலம், சார்டின் 96 டின், மீ 120 பொட்டலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

72-இன் காரணிகள்: 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24, 36, 72.

96-இன் காரணிகள்: 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48, 96.

120-இன் காரணிகள்: 1, 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 20, 24, 30, 40, 60, 120.

மூன்றிலும் இருப்பவை 1, 2, 3, 4, 6, 8, 12, 24. மிகப் பெரியது 24. ஆகவே 24 கூடைகள் செய்யலாம். ஒவ்வொன்றிலும் மாவு 3, சார்டின் 4, மீ 5 இருக்கும். ஒரு டின்கூட மிஞ்சாது.

மற்றப் பொதுக் காரணிகளுக்கும் பயன் உண்டு. 24 வீடுகள் இல்லை, 12 வீடுகள்தான் என்றால் ஒவ்வொரு கூடையும் இரு மடங்காகும். 8 வீடுகள் என்றால் மும்மடங்கு. அப்போதும் மீதம் வராது.

கூடையில் என்ன போட வேண்டும் என்பதையும் காட்டும் முறை

காரணிகளை வரிசையாக எழுதுவது சிறிய எண்களுக்குச் சரி. பொருள் வகைகள் கூடும்போது தொடர் வகுத்தல் எளிது. எல்லா எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அனைத்தையும் வகுக்கக்கூடிய ஒரு சிறிய எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும்.

72, 96, 120 ஆகியவற்றை 2-ஆல் வகுத்தால் 36, 48, 60.

மீண்டும் 2-ஆல் வகுத்தால் 18, 24, 30.

மீண்டும் 2-ஆல் வகுத்தால் 9, 12, 15.

3-ஆல் வகுத்தால் 3, 4, 5.

இதற்கு மேல் மூன்றையும் ஒருசேர வகுக்கும் எண் 1-ஐத் தவிர வேறில்லை. வகுத்த எண்களைப் பெருக்கினால் 2 × 2 × 2 × 3 = 24. அது கூடைகளின் எண்ணிக்கை. கடைசி வரியில் நிற்கும் 3, 4, 5 ஒவ்வொரு கூடைக்கும் போக வேண்டிய மாவு, சார்டின், மீ. இரண்டு விடையும் ஒரே தாளில் கிடைத்துவிடுகின்றன.

எண்கள் பெரிதாக இருந்தால்

பள்ளி உதவிக்காக 1,260 பயிற்சிப் புத்தகமும் 924 பென்சிலும் சேர்ந்திருந்தால் காரணிகளைத் தேடுவது அலுப்பான வேலை. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து மீதத்தை எடுக்க வேண்டும். பிறகு சிறிய எண்ணை அந்த மீதத்தால் வகுக்க வேண்டும். மீதம் 0 ஆகும்வரை இப்படியே தொடர வேண்டும்.

1,260-ஐ 924-ஆல் வகுத்தால் மீதம் 336.

924-ஐ 336-ஆல் வகுத்தால் மீதம் 252.

336-ஐ 252-ஆல் வகுத்தால் மீதம் 84.

252-ஐ 84-ஆல் வகுத்தால் மீதம் 0.

கடைசியாக வகுத்த 84-தான் விடை. 84 மாணவர்களுக்கு ஆளுக்கு 15 புத்தகமும் 11 பென்சிலும் கொடுக்கலாம். மூன்றாவது பொருள் இருந்தால், கிடைத்த விடையையும் அந்த எண்ணையும் வைத்து இதே வேலையைத் தொடர வேண்டியதுதான்.

கி.மு. 300 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், 'மூலங்கள்' என்ற தம் படைப்பின் 7-ஆம் நூலில் இம்முறையை விளக்கியிருக்கிறார். கி.பி. 499-இல் ஆரியபட்டர் தந்த 'குட்டகம்' என்ற முறையும் இவ்வாறு மாறி மாறி வகுப்பதையே அடிப்படையாகக் கொண்டது. குட்டகம் என்றால் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்கள் படிப்படியாகப் பொடியாவதால் அந்தப் பெயர் பொருந்துகிறது.

ஒரு பொருள் முரண்டு பிடித்தால்

நன்கொடை எப்போதும் வசதியான எண்ணிக்கையில் வருவதில்லை. பெரும்பாலான குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

சீனி 50 பொட்டலம், சார்டின் 96 டின், மீ 144 பொட்டலம் இருப்பதாகக் கொள்வோம். இம்மூன்றின் மீப்பெரு பொதுக் காரணி வெறும் 2. இரண்டே கூடை! ஒவ்வொன்றிலும் சீனி 25, சார்டின் 48, மீ 72. இந்த விடையைப் பார்த்ததும் "கணக்கெல்லாம் நடைமுறைக்கு உதவாது" என்று தாளைத் தூக்கிப் போடுவோர் உண்டு.

தூக்கிப் போடுவதற்கு முன் எந்தப் பொருள் முரண்டு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். சார்டினையும் மீயையும் மட்டும் எடுத்தால் 96, 144 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 48. அவை இரண்டும் ஒத்துப்போகின்றன. தடை சீனிதான். 48-க்கு மிக அருகில் நிற்கிறது 50.

இரண்டு பொட்டலம் சீனியைத் தனியே எடுத்து வைத்தால் போதும். 48, 96, 144 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 48. சீனி 1, சார்டின் 2, மீ 3 கொண்ட 48 கூடைகள் தயார். இரண்டு பொட்டலத்தை விலக்கியதால் 2 கூடை 48 ஆகிவிட்டது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கட்டத் தொடங்கும் நேரத்தில் ஒருவர் அன்போடு ஒரு டின் சார்டின் கொண்டு வந்து வைக்கிறார். 96 இப்போது 97. அது பகா எண்; 1-உம் 97-உம் தவிர அதற்கு வேறு காரணி இல்லை. உடனே மீப்பெரு பொதுக் காரணி 1 ஆகிவிடும். கடைசி நேரத்தில் வரும் பொருளை ஏற்கெனவே போட்ட கணக்கில் கலக்காமல் தனியே வைப்பது நல்லது.

எடுத்து வைத்த பொருளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். "சீனி 2 பொட்டலம், அடுத்த முறைக்கு" என்று ஒரு வரி இருந்தால், அது எங்கே போனது என்ற பேச்சு பிறகு எழாது.

முதலில் எண்ண வேண்டியது வீடுகளை

48 கூடை செய்யலாம் என்று கணக்கு சொல்கிறது. வீடுகள் 48 இருக்குமா?

வீடுகள் 40 என்றால் கவலை இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே கூடை கொடுத்த பின் 8 கூடை கையில் நிற்கும்.

வீடுகள் 60 என்றால் சிக்கல். அப்போது பொருள்களை இரண்டு வகையாகப் பார்க்க வேண்டும். சார்டினும் மீயும் எண்ணிக் கொடுப்பவை. ஒரு டின்னைப் பாதியாக வெட்ட முடியாது. சீனியும் அரிசியும் அளந்து கொடுப்பவை. 48 கிலோ சீனியை 60 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 800 கிராம். தராசு இருந்தால் வேலை முடிந்தது.

அளந்து கொடுப்பதில் நம் முன்னோர் மிக நுட்பமானவர்கள். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' நிலம், நெல், பொன் ஆகியவற்றை அளக்கும் கணக்குகளைச் சொல்லும் பழைய தமிழ் நூல். மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. மீதத்தை அப்படியே விடாமல் மேலும் பிரிக்கத் தமிழில் தனிச் சொற்களே இருந்தன.

எண்ணிக் கொடுக்கும் பொருள்களுக்கு வருவோம். 96 டின் சார்டினை 60 வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தால் 36 மிஞ்சும். 144 மீயை இரண்டிரண்டாகக் கொடுத்தால் 24 மிஞ்சும். இந்த 36, 24 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 12. ஆகவே சார்டின் 3, மீ 2 கொண்ட 12 கூடுதல் பொட்டலங்கள் கிடைக்கும். உறுப்பினர் அதிகமுள்ள 12 குடும்பங்களுக்கு அவை போகலாம்.

அரிசியில் ஒரு பொறி உண்டு. 10 கிலோ மூட்டை 12, 5 கிலோ மூட்டை 18 இருந்தால், மூட்டைகளை மட்டும் எண்ணுவோருக்கு 12, 18 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணியான 6 பங்குதான் கிடைக்கும். கிலோவில் கணக்கிட்டால் மொத்தம் 120 + 90 = 210 கிலோ. வீட்டுக்கு 5 கிலோ வீதம் 42 வீடுகளுக்குக் கொடுக்கலாம். 10 கிலோ மூட்டையைப் பிரிக்கும் சிரமம் மட்டும்தான் கூடுதல்.

எல்லாருக்கும் ஒரே அளவு சரிதானா?

தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் வீட்டுக்கும், ஏழு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே கூடை என்றால் அது சமம்தான். நியாயமா என்றால் பலர் தலையாட்டத் தயங்குவார்கள்.

இதற்கும் வழி உண்டு. கூடையைச் சிறியதாக வைத்துக்கொண்டு, வீட்டு உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடைகளைக் கூட்டிக் கொடுக்கலாம். 3 பேர் வரை உள்ள வீட்டுக்கு 1, 4 முதல் 6 பேர் உள்ள வீட்டுக்கு 2, 7 பேருக்கு மேல் இருந்தால் 3 என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். சிறிய குடும்பம் 10, நடுத்தரம் 16, பெரியது 2 என்றால் தேவைப்படும் கூடைகள் 10 + 32 + 6 = 48. முன்பு செய்த 48 கூடைகளும் 28 வீடுகளுக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

விதியை முன்கூட்டியே கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்கு இரண்டு கூடை போனது ஏன் என்று எல்லாருக்கும் அப்போதே தெரிந்துவிடும்.

சில பொருள்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. குழந்தைப் பால்மாவும் டயப்பரும் தேவைப்படும் வீட்டுக்கு மட்டும் போக வேண்டியவை. மாட்டிறைச்சி டின் வந்தால் அதை எல்லாக் கூடையிலும் போட முடியாது. பல இனத்தவர் வாழும் அடுக்குமாடியில் ஹலால் முத்திரையையும் பார்க்க வேண்டும். சைவம் மட்டும் உண்போர் வீடுகளில் சார்டினுக்குப் பதில் பருப்பு கொடுக்கலாம். இவற்றைப் பிரித்து வைத்த பிறகுதான் மற்றப் பொருள்களை எண்ணத் தொடங்க வேண்டும்.

படிவம் ஒன்றில் பிள்ளைகள் தடுமாறுவது எங்கே?

தமிழ்ப்பள்ளியில் வகுத்தலையும் மீதத்தையும் தமிழில் படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் 'காரணிகளும் மடங்குகளும்' என்ற இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் மலாயில் சந்திக்கிறது. கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண் போவதுண்டு.

மீப்பெரு பொதுக் காரணி மலாயில் 'ஃபாக்டோர் செபுஞ்ஞா தெர்பெசார்'. மீச்சிறு பொது மடங்கு 'கண்டாஆன் செபுஞ்ஞா தெர்கெச்சில்'. பெசார் என்றால் பெரியது, கெச்சில் என்றால் சிறியது என்பது நம் பிள்ளைகளுக்குக் கடைத்தெருவிலேயே பழகிய சொற்கள். 'சாமா பஞ்ஞாக்' என்றால் சம அளவில். 'தன்பா பாக்கி' என்றால் மீதமின்றி. அந்தப் 'பாக்கி', நாம் கடையில் வைக்கும் அதே பாக்கிதான். அரபு மொழியிலிருந்து இரண்டு மொழிகளுக்கும் வந்த சொல் அது.

எந்தக் கணக்கு எங்கே என்பதிலும் குழப்பம் வரும். கையில் இருப்பதைப் பிரித்துக் கொடுக்கும் கேள்வி என்றால் பொதுக் காரணி. வெவ்வேறு அளவில் வருபவை எங்கே ஒன்றாகச் சேரும் என்ற கேள்வி என்றால் பொது மடங்கு.

பொருள் வாங்கும்போது இரண்டாவது கணக்கு உதவும். முட்டை ஒரு தட்டில் 30. சார்டின் பெட்டி ஒன்றில் 24 டின் என்று கொள்வோம். தட்டையும் பெட்டியையும் உடைக்காமல் இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் வாங்க வேண்டுமென்றால் 30, 24 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 120. நான்கு தட்டு முட்டையும் ஐந்து பெட்டி சார்டினும் வாங்கினால் 120-க்கு 120. வாங்கும்போது மடங்கு, கொடுக்கும்போது காரணி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் மறக்காது.

பொருள் கட்டும் நாளில் படிவம் ஒன்று, இரண்டு படிக்கும் பிள்ளைகளிடமே தாளையும் பேனாவையும் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம். தேர்வுக்கும் பயிற்சி, சங்கத்துக்கும் உதவி.

பை கட்டும் முன் செய்ய வேண்டியவை

1. வீடுகளையும், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள்.

2. எல்லாருக்கும் பொருந்தாத பொருள்களைத் தனியே எடுத்து வையுங்கள்.

3. எண்ணிக் கொடுப்பவை, அளந்து கொடுப்பவை என்று மற்றவற்றைப் பிரியுங்கள்.

4. எண்ணிக் கொடுப்பவற்றுக்குத் தொடர் வகுத்தல் முறையில் மீப்பெரு பொதுக் காரணியைக் காணுங்கள்.

5. விடை மிகச் சிறியதாக வந்தால், முரண்டு பிடிக்கும் பொருளைக் கண்டுபிடித்துச் சிலவற்றை எடுத்து வையுங்கள், அல்லது கொஞ்சம் வாங்கிச் சேருங்கள்.

6. கிடைத்த எண்ணை வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, கொடுக்கும் விதியை முடிவு செய்து ஒட்டுங்கள்.

7. மீதத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

8. எல்லாக் கூடைகளையும் கட்டி முடித்து, எண்ணிச் சரிபார்த்த பிறகே முதல் வீட்டின் கதவைத் தட்டுங்கள்.

எட்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டிக்கொண்டே கொடுக்கத் தொடங்கினால் எந்தக் கணக்கும் நிற்காது. கடைசிக் கூடையும் கட்டி முடிந்திருந்தால்தான், மேல் மாடிக் கடைசி வீட்டுக்காரர் சீனி இல்லாத பையைப் பார்க்க வேண்டிய நிலை வராது.